காய்ந்த மூங்கில் கடத்தாது

என் மாமனாரிடம் ஒரு வாடை உண்டு. அவர் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது, அந்த வாடை மட்டும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. ராமேஸ்வரத்தில் எதுவும் முழுசாகக் காயாது. காற்றே உப்பு. முந்தின நாள் உலர்த்திய துணி மறுநாள் நமத்த அப்பளம் மாதிரி இருக்கும். அவரோ மடி பார்ப்பவர். தினமும் விடிகாலையில் வேஷ்டியை நனைத்துப் பிழிந்து, யார் கையும் எட்டாத உயரத்தில் கட்டிய கழியில் உலர்த்துவார். மறுநாள் குளித்துவிட்டு அதையே எடுத்துக் கட்டிக்கொள்வார். அதன் பிறகு வீட்டு மனிதர்கள்கூட அவரைத் தொடக் கூடாது, தொட்டால் மடி போய்விடும். பல வருஷம் அரை ஈரமாகவே கட்டிக் கட்டி, அந்த வேஷ்டிகளுக்குப் பூஞ்சை நாற்றம் நிரந்தரமாக ஏறிவிட்டது. அவர் கூடத்தைக் கடந்து போனால் ஈரச் சாக்கு ஒன்று நடந்து போனாற்போல இருக்கும். ஒரு நாளைக்கு நாலு தரம் கால் கழுவியதில் விரலிடுக்கெல்லாம் வெந்து வெளுத்து, வருஷம் முழுக்கச் சேற்றுப்புண். சுத்தத்துக்காகவே இப்படி நாறிய இன்னொரு மனிதரை நான் பார்த்ததில்லை.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் கழித்து நான் அந்த வீட்டுக்கு மாட்டுப்பெண்ணாகப் போனேன். எனக்குப் பத்தொன்பது வயது. வீட்டில் மூன்றே பேர். தந்தி இலாகாவில் ரிடையரான மாமனார், பாம்பனில் ரயில்வே குமாஸ்தாவான என் கணவர், நான். மாமியார் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள், புண்ணியவதி.

அவர் முட்டாள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முட்டாளாக இருந்திருந்தால் நான் இவ்வளவு அருவருத்திருக்க மாட்டேன். மண்டபத்திலும் தனுஷ்கோடியிலுமாக முப்பது வருஷம் தந்திக் கம்பியோடு குடித்தனம் நடத்தியவர். செம்பு எப்படி, இரும்பு எப்படி, கம்பத்தின் மேல் பீங்கான் குமிழ் எதற்கு, மழை நாளில் தந்தி ஏன் திக்கித் திக்கிப் போகிறது, எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. காக்கை ஏன் கம்பியில் உட்கார்ந்தால் சாவதில்லை என்று அவர் சொன்னதைக் கேட்டு நான் வாயைப் பிளந்திருக்கிறேன். "அதுக்குப் பூமி சம்பந்தம் இல்லை. பூமியைத் தொடாதவனைக் கரண்டு ஒண்ணும் பண்ணாது" என்பார். சொல்லிவிட்டுத் தன் காலில் இருக்கும் கட்டைச் செருப்பைக் காட்டுவார்.

தந்தி ஆபீசில் பாட்டரி வேலை செய்கிறதா என்று பார்க்க, கம்பியின் இரண்டு நுனியையும் நாக்கில் வைத்துப் பார்ப்பார்களாம். கரண்டு இருந்தால் புளிக்குமாம். டார்ச் லைட்டு பாட்டரியையும் கம்பியையும் வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் செய்து காட்டுவார். நாக்கை நீட்டிக் கம்பியை வைத்து, கண்ணைச் சுருக்கி, "புளிக்கறது!" என்பார், மாவடுவைக் கடித்தவர் மாதிரி. என் கணவர் குடித்த டம்ளரை நான் தெரியாமல் அலமாரியில் வைத்துவிட்டேன் என்று ஒரு நாள் முழுக்க எச்சில், எச்சில் என்று அலமாரியையே கழுவ வைத்தவர் இவர்தான். ஆபீசில் பத்துப் பேர் நக்கிய கம்பியை நக்கினீர்களே, அது எச்சில் இல்லையா என்று கேட்டேன்.

"கரண்டுங்கறது அக்னி. அக்னிக்கு ஏதும்மா எச்சில்?" என்றார்.

பதில் சொல்ல முடியாதபடி அவரை யாரும் மடக்கியதில்லை. எதற்கும் ஒரு பதில் தயாராக இருக்கும். அந்தப் பதில் எப்போதும் அவருக்குச் சாதகமாகவே இருக்கும்.

நான் அந்த வீட்டுக்குப் போன வருஷம்தான் எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்தது. மற்றவர்களெல்லாம் வெளிச்சம் வந்தது என்று சந்தோஷப்பட்டார்கள். என் மாமனாருக்கு வேறு சந்தோஷம். எதிர்வீட்டு சாஸ்திரி தினமும் சாயங்காலம் வந்து உட்காருவார். அவர்தான் இவருடைய சபை. சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு இவர் ஆரம்பிப்பார்.

"செம்பு கடத்தும், தண்ணி கடத்தும், ஈரக் கயிறு கடத்தும், மனுஷா உடம்பு கடத்தும். காய்ஞ்ச மரம் கடத்தாது, பட்டு கடத்தாது, கம்பளி கடத்தாது. இது கரண்டுக்கு. இப்போ தீட்டை எடுத்துக்கும் ஓய். பட்டுக்குத் தீட்டு உண்டோ? கம்பளிக்கு உண்டோ? அரிசிக்கு இல்லை, வடிச்ச சாதத்துக்கு உண்டு. ஏன்? ஈரம் ஓய், ஈரம்! ரிஷிகளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. வெள்ளைக்காரன் இப்போதான் கம்பியைப் போட்டுண்டு வந்து கண்டுபிடிக்கிறான்."

சாஸ்திரி தலையை ஆட்டுவார். அவர் தலை எதற்கும் ஆடும்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. உடம்பிலும் தராதரம் வைத்திருந்தார். நெய்யும் பாலும் சாப்பிட்ட உடம்பில் கரண்டு மெதுவாக ஓடுமாம். கடலிலேயே கிடந்து உப்பேறிய உடம்பில் பிய்த்துக்கொண்டு ஓடுமாம். வாசலில் கருவாட்டுக் கூடையோடு ஒருத்தி போனால், "அவ நல்ல கடத்தி" என்பார். அக்கினி தீர்த்தக் கரையில் படகுக்காரர்கள் நின்றால், "எல்லாம் முதல் தரக் கடத்தி ஓய், செம்புக் கம்பி தோத்துது" என்பார். மனிதர்களைக் கம்பியாகப் பார்க்கும் கண் அது.

தீண்டாமை இனி சட்டப்படி குற்றம் என்று பேப்பரில் வந்தது. அதைச் சத்தமாகப் படித்துவிட்டு மடித்து வைத்தார். "சட்டம் போட்டா செம்பு கடத்தாம இருந்துடுமோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சாஸ்திரியும் சிரித்தார்.

எனக்கும் அப்போது வாய் சும்மா இருக்காது. மோர் கொண்டு வந்து வைத்த சாக்கில் கேட்டேன். "பீங்கானும்தான் கடத்தாது. அப்போ பீங்கான் கோப்பையில காப்பி சாப்பிடலாமோ?" எங்கள் வீட்டில் பீங்கான் நுழையக் கூடாது.

"அது மிலேச்சன் சமாசாரம். அதுக்கு வேற கணக்கு" என்றார்.

வாசல் சுவரிலிருந்த பிளக்கின் மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, பலாக்கட்டை மணையில் ஏறி நின்றுகொண்டு, உள்ளே இருக்கும் கம்பியை ஒரு விரலால் தொட்டுக் காட்டியதும் உண்டு. காசி யாத்திரைக்குக் கிளம்பி எங்கள் திண்ணையில் தங்கியிருந்த யாத்ரீகர்கள் நாலு பேர் 'ராமா ராமா' என்று அலறினார்கள். அவர் ஒன்றும் ஆகாமல் நின்று, "காய்ஞ்ச மரத்து மேல நிக்கறேன், என்னை என்ன பண்ணும்?" என்றார். அந்த மட்டுக்கு அவர் சொன்னது சரிதான். தன் உயிரைப் பணயம் வைக்கும் அளவுக்கு அவருக்கு அந்த விஷயத்தில் நிச்சயம் இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மரம் என்ன செய்யும் என்று அந்தத் தெருவிலேயே அவரைவிட நன்றாகத் தெரிந்த மனிதர் கிடையாது.

இருளாயி எங்கள் வீட்டுக் கொல்லைக் கக்கூசைச் சுத்தம் செய்ய வருபவள். பின் சந்து வழியாக வருவாள். என்னைவிட இரண்டு வயது பெரியவளாக இருப்பாள். தகர வாளியும் துடைப்பமுமாகக் கதவுக்கு வெளியே நின்று, "வாரேன் சின்னம்மா" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அந்தக் குரல் கேட்டதும் என் மாமனார் எங்கே இருந்தாலும் கட்டைச் செருப்பைத் தேடுவார். கிடைக்காவிட்டால் மணையில் ஏறிக்கொள்வார். நாற்பதடி தள்ளி ஒருத்தி சாணியும் மலமும் அள்ளிக்கொண்டிருப்பாள், இவர் உள்ளே பலகை மேல் கொக்கு மாதிரி நின்றுகொண்டிருப்பார்.

அவளுக்குக் கேலி அதிகம். மாமனாரின் மின்சார சாஸ்திரத்தை நான் ஒரு நாள் அவளிடம் சொன்னேன்.

"அப்ப நானும் கரண்டுக் கம்பியும் ஒண்ணுங்கறாகளா? என்னயத் தொட்டா வெளக்கு எரியுமா சின்னம்மா? எங்க தெருவுல கம்பமே நடல. பேசாம என்னய ரெண்டு வீட்டுக்கு நடுவுல நிப்பாட்டச் சொல்லுங்க."

நான் சிரித்தேன். அவளோடு பேசுவது எனக்கு அந்த வீட்டில் கிடைத்த ஒரே மூச்சு. மிச்சக் காப்பி இருந்தால் அவளுக்குக் கொடுப்பேன். எப்படிக் கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவள் கொட்டாங்கச்சியை நீட்டுவாள், நான் ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றுவேன். "பக்கத்துல வந்து ஊத்துங்க, பாதி தரைக்கு ஊத்துறீக" என்பாள். நான் ஒட்டி வந்ததில்லை. இத்தனைக்கும் மாமனாரை விட நான் ஆயிரம் மடங்கு தேவலை என்றுதான் எனக்கு எண்ணம்.

கிணற்றடிக்கு ஒரு விளக்கு வேண்டும் என்று மாமனார் தானே கம்பி இழுத்தார். மின்சார இலாகாவிலிருந்து ஆள் கூப்பிட்டால் யார் வருவானோ, என்ன ஜாதியோ, அவன் போன பிறகு வீடு முழுக்க அலம்ப வேண்டுமே. வீட்டிலிருந்து போன நூல் சுற்றிய ஒயரை, கொல்லையில் துணி உலர்த்தும் இரும்புக் கம்பிக் கொடியோடு சேர்த்து அங்கங்கே சணலால் கட்டிக்கொண்டே போய், கிணற்றடியில் பல்பை மாட்டினார். அவர் போட்ட இணைப்பில் விளக்கை அணைத்தாலும் ஒயரில் கரண்டு நிற்கும். மெயின் சுவிட்சை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டார். கண்ட கையும் அதில் படக் கூடாதாம். ஒரே வருஷத்தில் உப்புக்காற்று ஒயரின் மேல் நூலைத் தின்றுவிட்டது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். ஒரு நாள் துணி போடும்போது என் கையில் எறும்பு ஊர்ந்தாற்போல விறுவிறுத்தது. உள்ளே ஓடிப்போய்ச் சொன்னேன். வந்தார். கட்டைச் செருப்போடு நின்று புறங்கையால் கொடியை லேசாகத் தொட்டுப் பார்த்தார்.

"கசியறது" என்றார். "மழை விடட்டும், பிரிச்சுக் கட்டறேன். அது வரைக்கும் மணையில ஏறி நின்னுண்டு துணி போடு."

பலாக்கட்டை மணையை அவரே எடுத்து வந்து கொடியடியில் போட்டார். இருளாயி வருவாளே என்று நான் கேட்கவில்லை. அவரும் அவள் பேச்சை எடுக்கவில்லை. அவள் கொடியைத் தொட மாட்டாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். எங்கள் துணி கிடக்கும் கொடியை அவள் தொடக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டமாயிற்றே. அடியில் போகும்போதுகூட இடுப்பை வளைத்துக் குனிந்துதான் போவாள்.

நாலாவது நாள் காலை மழை சற்று விட்டு, தூற்றல் மட்டும் இருந்தது. காற்று ஓயவில்லை. நான் அடுப்படியில் இருந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால் கொல்லை தெரியும். கொடியில் கிடந்த என் சுங்குடிப் புடவை காற்றில் கழன்று சாக்கடைப் பக்கமாகப் பறந்தது. அம்மா எடுத்துக் கொடுத்த புடவை. இருளாயி வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இருளாயி, புடவை பறக்கறது பாரு, பிடி, பிடி!"

எட்டிப் பிடித்துவிட்டாள். பிடித்ததை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள்.

"எங்கன வைக்க சின்னம்மா?"

"கொடியிலேயே போடு. அப்பா உள்ள இருக்கார், பாக்க மாட்டார்."

அதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பெரியவருக்குத் தெரியாமல் ஒரு சட்டத்தை உடைக்கிறேன் என்ற பெருமை. மழைக்கு நனையாமல் மணையை நானே காலையில் உள்ளே எடுத்து வைத்திருந்தேன். அவள் வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்கிறாள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அவள் கத்தவில்லை. புடவையைப் போட்ட கை கொடியை இறுகப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். உடம்பு விறைத்து நடுங்கியது. கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. இன்னொரு கையில் இருந்த தகர வாளி கீழே விழாமல் அவள் முழங்காலில் கடகடவென்று மோதிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எனக்குப் புரிந்தது. ஓடினேன்.

"தொடாதே! அவளைத் தொட்டா நீயும் போயிடுவே!"

கொல்லை வாசலில் மாமனார் நின்றிருந்தார். அவர் அப்படிக் கத்தியிராவிட்டால் நான் அவளைக் கட்டிப் பிடித்து இழுத்திருப்பேன், இன்றைக்கு இதை எழுத இருந்திருக்க மாட்டேன். அந்த நன்றி எனக்கு உண்டு. அப்போதுதான் குளித்துவிட்டு மடி வேஷ்டியைக் கழியிலிருந்து எடுத்துக் கட்டியிருக்கிறார். காலில் கட்டைச் செருப்பு. கையில் மடிக்கோல்.

மடிக்கோல் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உயரத்தில் கிடக்கும் மடித் துணியைக் கை படாமல் எடுப்பதற்கு வைத்திருக்கும் மூங்கில் கோல். ஆறடி நீளம். வருஷக்கணக்காக வீட்டுக்குள்ளேயே இருந்து எலும்பு மாதிரி காய்ந்தது.

"காய்ஞ்ச கட்டை வேணும்!" என்று அவர் கத்தினார். "காய்ஞ்ச கட்டையால கையைத் தட்டி விடணும்! ஓடு, காய்ஞ்சதா ஏதாவது கொண்டா!"

கோலைக் கையில் பிடித்துக்கொண்டு கத்தினார்.

அடுப்படியில் விறகு இருந்தது. நான் எடுத்து வைத்த மணை இருந்தது. ஒன்றும் என் நினைவுக்கு வரவில்லை. கண்ணுக்கு எதிரே ஆறடி மூங்கில் நிற்கும்போது வேறு என்ன நினைவுக்கு வரும்?

"அப்பா, கோலைக் கொடுங்கோ" என்றேன்.

கேட்டது அவர் காதில் விழுந்தது. கோலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கோலைத் தோளோடு சேர்த்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மற்றக் கையால் பூணூலில் இருந்த சாவி முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். "இரு, இரு, மெயினை அணைச்சுடலாம்" என்றார்.

"அப்பா, கோல்!"

"சனியன், அவிழமாட்டேங்கறதே." ஒரு கையால் அவிழ்கிற முடிச்சு இல்லை அது. இரண்டு கையும் இருந்தால் நொடியில் அவிழ்ந்திருக்கும். கோலைக் கீழே வைக்க அவருக்கு மனசு வரவில்லை. தரை ஈரம்.

"அப்பா, அந்தக் கோலைக் கொடுங்கோளேன்!"

மூன்றாம் தரம் கேட்டுவிட்டுத்தான் பிடுங்கினேன். பிடுங்கும்போது என் விரல் அவர் விரலில் பட்டது. "ஐயையோ!" என்று அலறினார். அன்றைக்கு அந்தக் கொல்லையில் அலறியது அவர் ஒருவர்தான்.

கோலால் அவள் மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். விடவில்லை. இரண்டாம் அடியில் கை விட்டது. சேற்றில் விழுந்தாள். மூச்சு இருந்தது. அதற்கப்புறம்தான் அவளைத் தொட்டேன். இரண்டு வருஷமாகத் தினமும் பேசுகிறேன், அதுதான் நான் அவளைத் தொட்ட முதல் தடவை. உள்ளங்கையில் கம்பி கிடந்த இடம் கருகிப் பள்ளமாக இருந்தது. சதை கருகிய நாற்றமும் பின்னாலிருந்து அந்த ஈர வேஷ்டி நாற்றமும் சேர்ந்து வந்தன. அங்கேயே வாந்தி எடுத்தேன்.

சத்தம் கேட்டு, அடுத்த வீட்டுக் கொல்லையில் வேலையிலிருந்த அவள் புருஷன் சந்து வழியாக ஓடி வந்தான். அவளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான்.

என் மாமனார் மூன்று தரம் குளித்தார். பூணூலை மாற்றினார். அப்போது பழைய பூணூலிலிருந்த சாவியை இரண்டு கையாலும் சாவதானமாக அவிழ்த்தார். கொல்லையில் ஐம்பது குடம் தண்ணீர் ஊற்ற வைத்தார். கோலை மதிலுக்கு வெளியே எறியச் சொன்னார். எனக்குத் தலைக்குக் குளியல், அப்புறம் பஞ்சகவ்யம். சாணியும் கோமூத்திரமும் சேர்ந்த அந்தக் கலவை தொண்டையில் இறங்கியபோது, இதை எதற்காகக் குடிக்கிறேன் என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே குடித்தும் முடித்தேன்.

சாயங்காலம் பாம்பனிலிருந்து வந்த என் கணவரிடம் எல்லாம் சொன்னேன். "அப்பா அப்படித்தான், விடு" என்றார். மறுநாள் இலாகாவிலிருந்து ஆள் கூப்பிட்டு ஒயரை அறுத்துப் போட்டார். அதற்கும் மேல் அவரால் ஆகவில்லை.

ஒரு வாரம் போனது. எதிர்வீட்டு சாஸ்திரி வந்தார். மாமனார் சாய்வு நாற்காலியில் புதுக் கோலைப் பக்கத்தில் சார்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"காய்ஞ்ச மூங்கில் கடத்தாதுன்னு நான் சொன்னேனோன்னோ? இப்போ பாத்தீரா? என் கோல்தான் ஓய் அவ உயிரைக் காப்பாத்தித்து."

மோர் டம்ளரைச் சாஸ்திரி முன்னால் வைத்தேன். "ஒண்ணு கேக்கறேன்" என்றேன். "காய்ஞ்ச மூங்கில்ல கரண்டும் ஏறாது, தீட்டும் ஏறாதுன்னு நீங்கதானே சொல்வேள்? அப்புறம் ஏன் கோலைத் தரலை?"

சாஸ்திரி மோரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் தேவலை. யாரோ கணக்கில் சந்தேகம் கேட்டாற்போல நிதானமாகச் சொன்னார்.

"காய்ஞ்சிருந்தா ஏறாதும்மா. நான் இல்லைங்கலையே. ஆனா அன்னிக்குத் தூத்தல் விழுந்துண்டிருந்தது. அவ உடம்பு ஈரம், தரையும் ஈரம். பட்ட உடனே நுனி நனைஞ்சுடும். நனைஞ்ச மூங்கில் ரெண்டையும் கடத்தும்."

பயந்துபோய்க் கை ஓடாமல் நின்றார் என்றுதான் அதுவரை எனக்குள் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். அது இல்லை. ஒருத்தி கண்ணெதிரே துடித்துக்கொண்டிருக்கும்போது, அந்தக் கொல்லை வாசலில் நின்று இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார். போட்டு விடையும் கண்டிருக்கிறார். அந்த மனிதருக்கு அதன் பிறகு பதினோரு வருஷம் சோறு போட்டேன். போட்ட கையை நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

இருளாயி தை மாதம் பாதியில் வேலைக்குத் திரும்பி வந்தாள். வலது கையில் இரண்டு விரல் மடங்கியபடியே நின்றுவிட்டது. துடைப்பத்தை இடது கையில் பிடித்திருந்தாள். "வாரேன் சின்னம்மா" என்று பழையபடியே குரல் கொடுத்தாள்.

நான் காப்பியை டம்ளரிலேயே எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவள் டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாங்கிக்கொள்ளவில்லை. மூன்று மாதமாக மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்ததை நான் சொன்னேன்.

"இருளாயி, நான் மூணு தரம் கேட்டேன். அவர் கோலைத் தரவே இல்லை."

"தெரியும் சின்னம்மா. கண்ணு தெரிஞ்சுச்சு, காது கேட்டுச்சு. வாய்தான் தொறக்கல."

"அப்படியாப்பட்ட மனுஷர் அவர்" என்றேன்.

"அவுக தரமாட்டாகன்னு எனக்குத் தெரியாதா? அவுகள நான் பாக்கவே இல்ல. உங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்." துடைப்பத்தைச் சுவரில் சார்த்திவிட்டு நிமிர்ந்தாள். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவள் மாதிரிதான் கேட்டாள். "மொதத் தரம் கேட்டீக. தரல. ரெண்டாந்தரமும் கேட்டீக. கை எட்டுற தூரத்துலதான நின்னீக? ஏன் சின்னம்மா கேட்டுக்கிட்டே நின்னீக?"

"அவர் மடியா இருந்தாரேடி, எப்படித் தொடறது" என்றேன்.

யோசித்துச் சொன்ன பதில் இல்லை. கேட்டதும் தானாக வாயில் வந்தது.

இருளாயி சரி என்பது போலத் தலையை ஆட்டினாள். வாளியை இடது கையில் எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனாள்.